வல்லரசுப் போட்டிக்குப் பின் நம் இலக்கியம்

ஒரு நாடு விடுதலை பெற்றவுடன் அதன் இலக்கியமும் விடுதலை பெற்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆயின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை. ஐரோப்பிய ஆட்சி அகன்ற அதே காலத்தில் அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் உலக மக்களைத் தத்தம் பக்கம் ஈர்ப்பதற்குப் போட்டியிட்டன. படைக்கலம் மட்டுமன்று, புத்தகமும் அப்போட்டியில் ஒரு கருவியாயிற்று. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத்து ஒன்றியம் கலைந்தது, போட்டியும் முடிவுற்றது. அதன் பின் நம் இலக்கியமும் பண்பாடும் எவ்வாறு மாறின என்பதைப் பெங்களூரில் வாழும் தமிழரின் நிலையில் நின்று நோக்குவோம். வேறொரு மொழியோடு நாள்தோறும் பழகுகிறவர்களுக்கு இம்மாற்றம் தெளிவாகப் புலப்படும்.

முதற்கண் போட்டிக் காலத்தை நினைவு கூர்தல் வேண்டும். மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள், 1951-இல் சென்னையில் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வாயிலாக மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்களின் மொழிபெயர்ப்பால் ருஷ்ய இலக்கியம் தமிழ் வீடுகளுள் புகுந்தது. பெங்களூரில் 1960-இல் தொடங்கிய நவகர்நாடகப் பதிப்பகம் கன்னட வாசகர்க்கு இத்தகைய தொண்டினைச் செய்தது.

அமெரிக்காவும் வாளாவிருக்கவில்லை. 1950-இல் பெர்லினில் நிறுவப்பெற்ற பண்பாட்டு விடுதலைக் காங்கிரஸ் என்னும் அமைப்பு பல நாடுகளில் இதழ்களையும் மாநாடுகளையும் ஆதரித்தது. 1955-இல் பம்பாயில் தோன்றிய 'குவெஸ்ட்' என்னும் ஆங்கில இதழ் அவ்வமைப்பின் இந்தியக் கிளையைச் சார்ந்தது. அவ்வமைப்புக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் வந்துகொண்டிருந்தது 1967-இல் உறுதியாக வெளிப்பட்டபோது, அதில் நல்லெண்ணத்தோடு எழுதிய பலர் திகைத்துப்போயினர்.

இரு பக்கத்து உதவியையும் அறிந்த எழுத்தாளர்களும் உண்டு. கென்யாவின் கூகி வா தியாங்கோ, 1962-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில் இளைஞராகக் கலந்துகொண்டார். அதற்குப் பொருளுதவியது மேற்கூறிய காங்கிரசே. பின்னர் அவர் 1977-இல் வெளியான தம் பெரிய நாவலைச் சோவியத்து எழுத்தாளர் சங்கத்தின் விருந்தினராக யால்டாவில் இருந்து முடித்தார். அதற்குப் பின் ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதை விடுத்துத் தம் தாய்மொழியாகிய கிக்கூயுவில் எழுதலானார். 2025-இல் மறையும் வரை அவர் கேட்டுவந்த கேள்வி இதுதான்: எம் மொழிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஐரோப்பிய மொழியின் வாயிலில் காத்து நிற்க வேண்டுமா?

அக்கேள்வி நமக்கும் உரியதே. மைசூரில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் கன்னடத்தில் கவிதை எழுதியவர். 1957-இல் சோவியத்து நாடு ஸ்பூட்னிக்கை விண்ணில் ஏவியது. அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா மறு ஆண்டே ஒரு கல்விச் சட்டம் இயற்றித் தன் பல்கலைக்கழகங்களில் பிறநாட்டு மொழிக் கல்வியைப் பெருக்கியது. 1962 முதல், இந்தியாவுக்குக் கோதுமை விற்றுச் சேர்ந்த ரூபாயைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நூலகங்களில் நிரப்பியது. அத்தகைய சூழலில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராமானுஜன், 1967-இல் குறுந்தொகைப் பாடல்களையும், 1973-இல் வீரசைவ வசனங்களையும், 1976-இல் யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார' நாவலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் பணி போற்றத்தக்கது. ஆயினும் தமிழும் கன்னடமும் ஒருவர் கையில் இவ்வாறு கூடிய இடம் சிகாகோ. கூடிய மொழி ஆங்கிலம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

போட்டிக் காலத்தின் இயல்பு இதனால் விளங்கும். தொலைவிலுள்ளது அருகே வந்தது. அருகிலுள்ளது தொலைவிலேயே நின்றது. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரில் வரும் கிர்கீசிய நாட்டுப் பள்ளியாசிரியன் நமக்கு உறவினன் ஆனான். அது பெரும் பேறே. ஆனால் கன்னட நாட்டுச் சிற்றூரின் ஆசிரியனை நம்மில் எத்தனை பேர் கதையில் கண்டோம்? 1954-இல் பிறந்த சாகித்திய அகாதெமி இந்திய மொழிகளிடையே பாலம் அமைக்க முயன்றது உண்மை. எனினும், வல்லரசுகளின் அச்சகங்களுக்கு இருந்த பொருள்வலிமை அதற்கு இல்லை.

1991 வந்தது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியப் பொருளாதாரத்தின் கதவுகள் திறந்தன. டிசம்பரில் மாஸ்கோவின் கொடி இறங்கியது. மலிவு நூல்களின் வரவும் நின்றது. அதே டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. அல்சூர் ஏரிக்கரையருகே அவ்வாண்டு நிறுவப்பட்டிருந்த வள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. பல தலைமுறைகள் அருகருகே வாழ்ந்தும், இரு மொழியினரும் ஒருவர் நெஞ்சை மற்றவர் அறியவில்லை என்பதை அந்நாட்கள் காட்டின.

இதற்குப் பின் நிகழ்ந்த இலக்கிய மாற்றங்கள் மூன்று.

முதலாவது, பேசும் குரல் மாறியது. முதலாளி, தொழிலாளி என்னும் பொதுப்பெயர்களுக்குள் அடங்காத மக்கள் தம் வாழ்வைத் தாமே எழுதினர். தமிழில் பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. கன்னடத்தில் தலித் இலக்கியம் 1970-களிலேயே எழுச்சி பெற்றிருந்தது. அவ்வியக்கத்தின் முன்னோடியான சித்தலிங்கையாவின் தன்வரலாறு, 1990-களில் 'ஊரும் சேரியும்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பின் திசை மாறியது. மேற்சொன்ன நூலைத் தமிழாக்கிய பாவண்ணன், தொலைபேசித் துறைப் பணியின் பொருட்டுக் கர்நாடகத்துக்கு வந்து கன்னடம் கற்றவர். எஸ். எல். பைரப்பாவின் 'பர்வ' நாவலை அவர் 'பருவம்' எனத் தந்து, 2005-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். யூதப் பெண்ணொருத்தி ஜெர்மனியிலிருந்து பெங்களூருக்கு அடைக்கலம் வந்ததைக் கூறும் நேமிசந்திராவின் கன்னட நாவல் 'யாத் வஷேம்'. அதைத் தமிழாக்கிய கே. நல்லதம்பிக்கு 2022-இல் அப்பரிசு கிட்டியது. இவர்களை எந்த வல்லரசும் அனுப்பவில்லை. வாழும் ஊரின் மொழியை விரும்பிக் கற்றதே இவர்களின் முதல்.

மூன்றாவது மாற்றம் எச்சரிக்கைக்குரியது. அரசுகள் விலகிய இடத்தில் சந்தை வந்து அமர்ந்தது. சந்தையின் மொழி பெரிதும் ஆங்கிலம். 2025-இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள், தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இலண்டனில் பன்னாட்டுப் புக்கர் பரிசைப் பெற்றன. கன்னடத்துக்கு முதன்முறையாகக் கிடைத்த அச்சிறப்பு நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஹாசனிலிருந்து எழுதிவந்த அவருடைய பெயரை, அண்டையில் வாழும் நம்மில் பலர் இலண்டன் செய்தியிலேதான் முதலில் கேட்டோம். முன்னர் மாஸ்கோவும் சிகாகோவும் இருந்த இடத்தில் இலண்டன் வந்திருக்கிறதேயன்றி, நடுவர் இல்லாமற் போய்விடவில்லை.

இந்நிலையில் பெங்களூர்த் தமிழர்க்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் தந்தையாக மதிக்கப்படுகிறார். 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைக் கன்னடத்துக்கு ஈட்டித் தந்தார். இரு மொழியும் ஒரு நெஞ்சில் வாழ இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கிறார்கள், தெருவில் அதைப் பேசுகிறார்கள். அவர்கள் தமிழையும் எழுதப் படிக்கக் கற்றுவிட்டால், எந்த நடுவரும் இன்றி இரு இலக்கியங்களையும் இணைக்கும் ஆற்றல் அவர்களிடம் இருக்கும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டாலும் அந்த ஆற்றல் போய்விடும்.

பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் உரைத்தவர் இங்கும், மூவடியில் உலகியல் உரைத்தவர் அங்குமாக நிற்கின்றனர். சிலைகளைத் திறப்பது அரசுகளின் கையில் உள்ளது. நூல்களைத் திறப்பது நம் கையிலேயே உள்ளது.