உப்புக் காத்துக்கு அசையாத பழைய வீடு ஓட்டல் ஆனது!
புதுச்சேரியைப் பார்த்து மாட வீதி யோசிக்குமா?

திருவண்ணாமலை,

தீபத்துக்கு வந்த கூட்டம் ஒரு காலத்தில் எங்கே படுத்தது தெரியுமா? மாட வீதி வீட்டுத் திண்ணைகளில்! வாடகையும் கிடையாது, அட்வான்சும் கிடையாது. இப்போது திண்ணைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. 'பழசை இடி, லாட்ஜைக் கட்டு' என்பதுதான் எங்கும் பேச்சு.

இடிக்காமலே லாட்ஜ் ஆக்க முடியாதா? இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், கடலோரப் புதுச்சேரியில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கீழே தமிழன், மேலே பிரெஞ்சுக்காரன்!

பெருமாள் கோயில் வீதியில் இருக்கிறது 'மெசோன் பெருமாள்'. மெசோன் என்றால் பிரெஞ்சில் வீடு. நூறு வயதைத் தாண்டிய தமிழர் வீடு, இன்று பத்து அறை கொண்ட ஓட்டல். கேரளாவின் சி.ஜி.எச். எர்த் நிறுவனம் நடத்துகிறது.

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இடையில் சந்து கிடையாது. பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. அப்புறம் காற்று எப்படி வரும்?

அதற்குத்தான் முற்றம்! சூடான காற்று முற்றத்து வழியே மேலே போக, தெருக் காற்று உள்ளே நுழையும். தெருவை ஒட்டி வழிப்போக்கர் ஒதுங்கத் தாழ்வாரம், அடுத்து விருந்தாளி உட்காரத் திண்ணை, அப்புறம்தான் கதவு. மாடிக்குப் போனால் பிரெஞ்சு பாணி: வளைவு ஜன்னல், அலங்காரக் கைப்பிடிச் சுவர். கூரையோ மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்தது.

சிமெண்டுதான் வில்லன்

கடல் காத்து உப்பைக் கொண்டுவந்து சுவரில் ஏற்றும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். 'கெட்டியா நிக்கும்'னு நினைத்து அதன் மேல் சிமெண்டு பூசினால் வந்தது வினை! ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு உறைந்து செங்கல்லையே பொடியாக்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய வீட்டைப் பழுது பார்க்கச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று தேடிப் போகிறார்கள். காய வாரக்கணக்கில் ஆகும். அவசரக்கார கான்டிராக்டருக்கு இது ஒத்துவராது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1870-ம் ஆண்டு வாக்கில் கட்டிய மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தே போனது. பல கோடி கொட்டி அதே தோற்றத்தில் மறுபடி கட்டினார்கள். 2021-ல் திறப்பு விழா நடந்தது.

பக்கத்து வைசியாள் வீதிக்கு அந்தக் கதி வரவில்லை. 2002 முதல் 2004 வரை இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வீதி முகப்புகளைச் சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது.

நம்ம ஊரில் கடலும் இல்லை, உப்பும் இல்லை. சுவருக்குப் பாதி எதிரி குறைவு! பெரிய தெரு, தேரடி பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கடப்பாரைக்கு ஆள் சொல்லும் முன் ஒருநாள் பெருமாள் கோயில் வீதியை நடந்து பார்த்து வரலாம். செஞ்சி, திண்டிவனம் வழியாகக் காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம்.