பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடுதல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,



பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் திருச்சியிலிருந்தும் காவிரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீரங்கத்திலிருந்தும் நம் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அயல்நாட்டில் வேலை செய்யும் மகனுக்காக, மகளுக்காக வயதான பெற்றோரும் என்னைத் தேடி வருவதுண்டு. “ஐயா, இங்கே பிறந்து தாய் விட்டுப்போகும் குழந்தை இருந்தால் எங்களுக்கு வாங்கித் தாருங்கள்” என்பதே அவர்களில் பலருடைய விண்ணப்பம். உங்கள் சபைகளிலும் இக்கேள்வி எழும் என்பதால் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

பிள்ளையின்மை அபூர்வமான துன்பமல்ல. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இதை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. காரணம் கணவனிடத்திலும் இருக்கலாம், மனைவியிடத்திலும் இருக்கலாம், இருவரிடத்திலும் இருக்கலாம். ஆனாலும் பழிச்சொல் பெண்ணையே சேர்கிறது. அன்னாளின் கண்ணீரை அறிந்த நாமே அப்படிப் பேசலாகாது. சிகிச்சை பலனளிக்காதபோது தம்பதியர் முதலில் தங்கள் துக்கத்தைத் துக்கித்துத் தீர்க்கவேண்டும். அந்தப் புண்ணுக்கு மருந்தாக ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாரம் குழந்தையின்மேல் விழும்.

நம் நாட்டுச் சட்டம் கடந்துவந்த பாதையை விசுவாசிகள் பலர் அறியார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கும், பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் தத்தெடுக்கும் உரிமையைத் தந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் மட்டுமே இருந்தது. பிள்ளையை நெஞ்சில் சுமந்து வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் நாம் காப்பாளர்களே. பிள்ளைக்கு வாரிசுரிமையும் இல்லை. நம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற அயல்நாட்டாரும் இதே சட்டத்தின் கீழ்தான் வந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் எம்மதத்தாரும் முழுமையான பெற்றோராகும் வாசலைத் திறந்தன. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். “வளர்ப்புப் பிள்ளைதானே” என்று சபையார் இன்னும் சொல்வது சட்டப்படியும் தவறு, அன்பின்படியும் தவறு.

அயல்நாட்டுத் தத்தில் முறைகேடுகள் நடப்பதாக ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு முதலில் இந்தியாவிலேயே பெற்றோரைத் தேடவேண்டும், கிடைக்காதபோதே அயல்நாடு என்பது அதன் சாரம். 1990-ல் ‘காரா’ என்னும் மத்திய தத்தெடுப்பு வள அமைப்பு உருவானது. 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. பல நாடுகளில் ஏமாற்றியும் விலைக்கும் பிள்ளைகள் அனுப்பப்பட்டது வெளிப்பட்டதால் இன்று உலகமே எச்சரிக்கையாயிருக்கிறது. சீனா 2024-ல் அயல்நாட்டாருக்குப் பிள்ளைகளைத் தருவதை, நெருங்கிய உறவினர் நீங்கலாக, நிறுத்திவிட்டது.

அயல்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகள் செய்யவேண்டியது இதுவே. அவர்கள் வசிக்கும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனத்தின் மூலம் காராவில் பதிவு செய்யவேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதுவார். இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு உள்நாட்டாருக்குச் சமமான முன்னுரிமை உண்டு. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். காராவின் தடையில்லாச் சான்று பெற்றபின்னரே பிள்ளை பயணப்படலாம். அதன்பின் இரண்டு ஆண்டுகள் பிள்ளையின் நலன் பற்றிய அறிக்கைகள் வரவேண்டும்.

நாங்கள் ஏன் மருத்துவமனையிலிருந்து குழந்தையைக் கையில் கொடுப்பதில்லை? பிள்ளையை வளர்க்க இயலாத தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் வரவேண்டும். அவள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. வறுமையினாலும் அவமானத்தினாலும் நொறுங்கிக் கிடக்கும் தாய்க்கு அந்த 60 நாள் பெரிய இரக்கம். குறுக்கு வழியில் கொடுத்தால் அவள் அதை இழக்கிறாள். பிள்ளையும் தன் பூர்வீகத்தை அறியும் வழியை இழக்கிறது. பிள்ளையை விற்பதில் மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. கைவிடப்பட்ட குழந்தையை யார் கண்டாலும் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே தத்து என்பது பிள்ளையில்லாதோருக்குப் பிள்ளை தேடுவதல்ல. பெற்றோரில்லாத பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடுவது. பார்வோன் குமாரத்தியின் வீட்டில் வளர்ந்தபோதும் மோசே தன் ஜனம் யாரென்று அறிந்திருந்தான். நம் பிள்ளைகளும் அறியட்டும். சிறு வயதிலேயே, மற்றவர் வாயால் கேட்குமுன், பெற்றோரே அன்பாய்ச் சொல்லவேண்டும். புத்திரசுவிகாரம் என்ற சொல்லை நாம் பிரசங்கங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தக் கிருபையால் தேவனுடைய பிள்ளைகளானோம் என்று சொல்லும் நாம், ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரப்படும் பிள்ளையைப் பார்த்து “யார் பெற்றதோ?” என்று முணுமுணுக்கலாமா?

 ஜெபத்தில் மூவரை நினைத்துக்கொள்ளுங்கள்: காத்திருக்கும் தம்பதியரை, காத்திருக்கும் பிள்ளையை, பெற்றும் வளர்க்க இயலாத தாயை.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்