குறை உடலிலா, ஊரிலா?

பரந்தன் சந்தியிலே கிழக்கு நோக்கித் திரும்பி, முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியிற் சில கட்டை தூரம் சென்றால் முரசுமோட்டையை அடையலாம். இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து பாயும் வயல்கள். மாரி பொழிந்தால் வண்டிச் சில்லுப் புதையும் ஒழுங்கைகள். வரம்பிலே நடந்து வாழ்ந்த கமக்காரக் குடும்பங்கள். நடக்கும் காலும் தூக்கும் கையுமே இத்தகைய ஊர் ஒன்றின் முதற் செல்வம் எனலாம்.

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் போர் இவ்வூரைக் கடந்து சென்றபோது மக்கள் எல்லாவற்றையும் விட்டுக் கிழக்கே நடந்தனர். பின்னர் மீள்குடியேற்றம் நிகழ்ந்தது. வீட்டின் கூரை போயிருந்தது, கிணறு தூர்ந்திருந்தது, அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால், வன்னிக்குத் திரும்பியவர் எல்லாரும் புறப்பட்ட கால்களோடு திரும்பினாரல்லர். கால் இழந்தோர், கண்ணொளி இழந்தோர், முள்ளந்தண்டிற் காயம்பட்டு இடுப்பின் கீழ் உணர்விழந்தோர் எனப் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். பிறவியிலேயே குறையுற்ற குழந்தைகளும், முதுமையால் தளர்ந்தோரும் அவர்களோடு சேர்கின்றனர். இவர்களை ஊர் வாழ்வின் நடுவே அமர்த்துவது எப்படி? உலகின் ஆய்வாளர் இதற்குக் கண்ட விடைகளை நம் முற்றத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிக்கை கூறும் பாடம்

முதலில், எத்தனை பேர் என்பதை அறிதல் வேண்டும். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் உடற்குறை உடையோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. அக்காலத்துப் போர்ச்சூழலால் கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய மாவட்டங்கள் அக்கணக்கில் முழுமையாக இடம்பெறவில்லை. 2012 ஆம் ஆண்டு மதிப்பீடோ, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது ஏறக்குறைய 16 இலட்சம் பேர் என்று கூறிற்று.

பதினோராண்டில் இத்தொகை இவ்வளவு பெருகியது எவ்வாறு? போர் மட்டும் இதற்குக் காரணமன்று. கேள்வியே மாறிவிட்டது! “உங்கள் வீட்டில் அங்கவீனர் உண்டா?” என்று கேட்டால், மானம் கருதிப் பலர் இல்லை என்பர். இப்பொழுது உலகெங்கும் பயிலும் முறை வேறு. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவிற் கொள்வதில், தம்மைத் தாமே பராமரிப்பதில், பிறரோடு பேசி விளங்குவதில் இடர்ப்பாடு உண்டா என்று ஆறு வினாக்கள் வினவப்படுகின்றன. இடர்ப்பாட்டைக் கூறுவதில் இழிவில்லை. ஆகவே உண்மை வெளிவருகின்றது. கேட்கும் விதத்தால் மறைந்திருந்த மனிதர் கணக்கில் வந்தனர் என்பது ஆய்வு நமக்குத் தரும் முதற் பாடம். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையோ, உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கின்றார் என்கின்றது.

சேற்றில் நடக்கும் கால்

ஒரு காலை இழந்த கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மேனாட்டார் வழக்கமாகச் செய்த செயற்கைக் கால் சப்பாத்துக்குள் அமர்வதற்கென அமைந்தது. அதனை அணிந்து நாற்காலியில் அமரலாம். சீமெந்துத் தரையில் நடக்கலாம். வெறுங்காலுடன் வயலில் இறங்கவோ, குந்தியிருக்கவோ, சம்மணமிட்டு உண்ணவோ அது இடந்தராது. கால் கிடைத்தும் கமம் செய்ய முடியாவிட்டால் பயன் என்ன?

இக்குறையை உணர்ந்தவர்கள் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்தில் இருந்தனர். ஒருவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர், மற்றவர் பி. கே. சேத்தி என்னும் எலும்பு முறிவு வைத்திய நிபுணர். 1960 களின் இறுதியில் இவ்விருவரும் இறப்பரைக் கொண்டு, பார்வைக்கு மனிதப் பாதம் போன்றே உள்ளதும், எப்பக்கமும் வளைந்து கொடுப்பதும், நீரில் நனைந்தாலும் கெடாததுமான பாதம் ஒன்றைச் செய்தனர். அதுவே ‘ஜெய்ப்பூர்க் கால்’. சேத்திக்கு 1981 இல் மக்சாய்சாய் விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் 1987 இல் ஜெய்ப்பூர் நிலையம் ஒன்று தொடங்கப்பெற்று, வடபுலத்தார் பலரை மீண்டும் நடக்கச் செய்தது. கருவி மனிதனின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைய வேண்டும். மனிதன் கருவிக்கு ஏற்பத் தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளலாகாது என்பது இதன் பொருள்.

வைத்தியசாலையிலிருந்து முற்றத்துக்கு

நகரத்துப் பெரிய வைத்தியசாலை எவ்வளவு சிறப்புற்றிருந்தாலும், மூளை வாதமுற்ற குழந்தையைத் தாயொருத்தி வாரந்தோறும் அங்கே தூக்கிச் செல்வது எளிதன்று. பேருந்துக் கூலி ஒருபுறம்; அன்றைய நாட்கூலி இழப்பு மறுபுறம். இதனை உணர்ந்தே, பயிற்சியை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுசெல்லும் ‘சமுதாயம் சார்ந்த புனர்வாழ்வு’ என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. அதற்கென 1989 இல் வெளிவந்த கைந்நூலை ஆக்கியோரில் ஒருவர் நம் இலங்கையைச் சேர்ந்த பத்மனி மெண்டிஸ் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தியாகும். வீட்டாரும் அயலாரும் பயிற்றுநராகலாம் என்பதே அதன் அடிப்படை.

தமிழகத்தின் ஆய்க்குடியில் இதற்கு நல்ல சான்று உண்டு. 1975 இல் கடற்படைத் தேர்வொன்றில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்னும் இளைஞர், 1981 இல் அங்கே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இன்று அச்சங்கத்தின் பயிற்சி பெற்ற ஊழியர் கிராமங்களிலே வீடுவீடாகச் சென்று, குழந்தைக்கு வேண்டிய பயிற்சியைத் தாய்க்குக் கற்பிக்கின்றனர். கைப்பேசி வழியே நிபுணரின் அறிவுரையைப் பெறுகின்றனர். குழந்தையின் முன்னேற்றத்தோடு பராமரிப்போரின் சுமையையும் அளந்து பார்ப்பது அவர்தம் ஆய்வின் சிறப்பு. தாய் சோர்ந்தால் குழந்தையும் சோரும் அன்றோ!

சட்டமும் வாசற்படியும்

நெடுங்காலமாக உலகம் குறையை உடலிற் தேடிவந்தது. மைக் ஒலிவர் என்னும் ஆங்கிலேய அறிஞர் வேறுவிதமாகச் சிந்தித்தார். 1962 இல் நீச்சற் குளத்திற் பாய்ந்தபோது கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலியை அடைந்தவர் அவர். நடக்க இயலாமை உடலின் நிலை. நூல்நிலையத்துள் நுழைய இயலாமையோ வாசற்படி செய்த வேலை. இவ்வேறுபாட்டை வலியுறுத்திய கருத்துக்கு 1983 இல் அவர் ‘சமூக மாதிரி’ என்று பெயர் கொடுத்தார்.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமையைப் பாதுகாக்க எழுந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016 இல் நம் நாடு உறுதிப்படுத்திற்று. சட்டங்கள் உள்ளன; படிகளும் அப்படியே உள்ளன! ஏட்டில் உள்ள உரிமை வாசலில் இறங்கி வருவதற்கு ஊரார் முயற்சி வேண்டும்.

மாணவர்க்கு ஒரு வேலை

இங்கே மாணவச் செல்வங்களுக்கு நாம் ஒரு வேலை தர விரும்புகின்றோம். ஓர் அளவுநாடாவும் பயிற்சிக் கொப்பியும் போதும். உங்கள் பாடசாலை, வாசிகசாலை, கோயில், சங்கக் கடை ஆகியவற்றுக்குச் செல்லுங்கள். வாசற்படியின் உயரம் எவ்வளவு? கதவின் அகலம் எவ்வளவு? சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல மூன்றடி அகலம் நன்று. ஓர் அடி உயரம் ஏறுவதற்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். மலசலகூடத்துக்குள் நாற்காலி திரும்புமா? கிணற்றடிக்குச் செல்லும் வழி சேறா, கல்லா? கண்டதை எழுதிக் கிராம அலுவலரிடமும் அதிபரிடமும் கொடுங்கள். இதுவும் ஆய்வே.

ஒரு முக்கிய விதி: அளப்பதற்கு முன், அவ்வழியால் நாள்தோறும் இடர்ப்படுபவரிடம் சென்று கேளுங்கள். “எங்களைப் பற்றி எங்களின்றி ஒன்றும் வேண்டா” என்பது உலகெங்குமுள்ள இயலாமையுடையோரின் முழக்கம். அவரே இவ்வாய்வின் ஆசான், நாம் மாணாக்கர்.

இன்னொன்று. 2018 மார்கழியில் கிளிநொச்சி மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது முரசுமோட்டைப் பகுதியும் தப்பவில்லை. அத்தகைய இரவிலே, ஓடமுடிந்தவர் ஓடுவர். தாமாக எழமுடியாதவரை யார் எழுப்புவது? எந்த வீட்டில் யார் உளர், அவரைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு எந்த இரு இளைஞருக்கு உரியது என்று மாரிக்கு முன்னரே ஊரில் எழுதி வைத்தல் வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு தாளும், அயலவர் என்ற நினைவும் போதும்.

வயலுக்கு நீர் பாயாவிட்டால் நாம் பயிரைக் குற்றஞ்சாட்டுவதில்லை. வாய்க்காலைத்தான் வெட்டித் திருத்துகின்றோம். மனிதர் விடயத்திலும் அவ்வாறே செய்வோமாக.