ஆறாயிரம் வெள்ளிக் கோடு

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார் என்றால், பெண் வீட்டார் அடுத்துக் கேட்பது "என்ன பாஸ்?" என்றுதான். கூலி வேலைக்கான வொர்க் பெர்மிட்டா, நடுத்தர வேலைக்கான எஸ் பாஸா, உயர் வேலைக்கான ஈ பாஸா? கல்யாணமானதும் பெண் கூடப் போவாளா, மாமியார் வீட்டிலேயே இருப்பாளா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை. டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், அரசின் டான்செம் என்று வரிசையாக நிற்கின்றன. பெரம்பலூரில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் சிவில், மெக்கானிக்கல் முடித்து வருகிற எல்லாருக்கும் உள்ளூரில் இடமில்லை. கிடைக்கும் கான்ட்ராக்ட் சம்பளத்தில் வீடு கட்டவோ, தங்கையைக் கட்டிக்கொடுக்கவோ முடியாது. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர்.

கூலி வேலைக்குப் போகிறவர்களின் பாட்டைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறோம். சைட் இன்ஜினியர், சேஃப்டி ஆபீசர், டிராஃப்ட்ஸ்மேன் என்று எஸ் பாஸில் போகிறவர்களை, "அவனுக்கென்ன, இன்ஜினியரு" என்று விட்டுவிடுகிறோம்.

அவர்களுடைய கணக்கு வேறு. 2025 செப்டம்பர் முதல் புதிதாக எஸ் பாஸ் வாங்கக் குறைந்தது மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும். வயது கூடக்கூட இந்த வரம்பும் ஏறும். மனைவி, பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள டிபெண்டன்ட் பாஸ் வேண்டுமானால் மாதம் 6,000 வெள்ளி. 5,000 ஆக இருந்ததை 2018-இல் உயர்த்தினார்கள். மதிப்பான ஈ பாஸுக்கே ஆரம்ப வரம்பு 5,600தான். அந்தச் சம்பளத்தில் சேர்ந்த பட்டதாரியும் 400 வெள்ளி குறைவதால் தனியாளாகத்தான் இருந்தாக வேண்டும்.

மாதம் இரண்டு லட்ச ரூபாய் என்று ஊர் வாய் பிளக்கும். பெரிய சம்பளம்தான். ஆனால் கட்டிலுக்கு வாடகை, சாப்பாடு, ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். வேலைக் கடிதத்தில் ஒரு சம்பளத்தைக் காட்டிவிட்டு, கையில் கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. அங்குள்ள சட்டப்படி அது குற்றம். பாஸ் போய்விடுமே என்ற பயத்தில் பலரும் வாய் திறப்பதில்லை.

வேலை முடிந்து அறைக்கு வந்து இரவு பத்து மணிக்கு அங்கிருக்கும் அப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் இங்கே ஏழரை. பிள்ளை வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருக்கும். அம்மா போனைச் செம்பில் சாய்த்து வைப்பாள். நோட்டைத் திரையருகே பிடிக்கச் சொல்லி அப்பா வகுத்தல் கணக்கைத் திருத்துவார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலிருந்து பள்ளிக்கூடக் கூட்டம், வங்கி, முந்திரித் தோப்பு வரை எல்லாம் அவள் தலையில்.

அதே சிங்கப்பூருக்கு மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தினமும் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருகிறார்கள். விடியுமுன் கிளம்பி, நெரிசலில் மணிக்கணக்காக நின்று அல்லாடுகிறார்கள். ஆனாலும் இரவு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நம் ஆள் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தாலே பெரிது.

எனக்கு மிகவும் உறுத்துவது ஓய்வுக்காலம்தான். சிங்கப்பூரின் சேமநிதியான சிபிஎஃப், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. எஸ் பாஸில் இருபது வருஷம் உழைத்தவருக்கு அங்கே சேமநிதி இல்லை. அந்த வருஷங்களுக்கு இங்கே பி.எஃப்பும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் பாஸ் புதுப்பிக்கப்படாமல் திரும்பினால், கையில் இருப்பது கட்டிய வீடு மட்டும். வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை; போகும்போது இவர்கள் அந்த அனுமதிக்கான அரசுப் பதிவிலும் சேர்வதில்லை.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. அரசும் பங்கு போடும் ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அது இவர்களுக்காகத் தொடங்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர் அலுவலகங்களில், போகுமுன் பாஸ் கடிதத்தைச் சரிபார்த்துச் சொல்லவும் திரும்பி வந்தவருக்கு வேலைவழி காட்டவும் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்க வேண்டும்.