பெருநகர் நீங்கியபின் நாம் தேடுவது எதை?

பாரிஸையும் அதன் புறநகர்களையும் விட்டுத் தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குக் குடிபெயர்ந்த எம்மவர் குடும்பங்களை இப்போது அடிக்கடி சந்திக்க நேருகின்றது. வாடகைச் சுமை, பிள்ளைகள் வளர்ந்ததும் போதாமற் போய்விடும் அறைகள், சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டுமென்ற தீராத ஆசை ஆகியனவே அவர்கள் கூறும் காரணங்கள். பிரெஞ்சு மக்களும் இதற்கு விலக்கல்லர். 1921 ஆம் ஆண்டில் பாரிஸ் நகர எல்லைக்குள் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் வாழ்ந்தனர். இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேரே. 2020 மார்ச் 17 ஆம் திகதி கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் வீடுகளுக்குள் முடக்கப்பட்டபோது, தொடர்மாடிகளில் அடைபட்டுக் கிடந்த பலர் தோட்டத்துடன் கூடிய ஒரு வீட்டைக் கனவு காணத் தொடங்கினர். அவ்வாறு கனவு கண்டவர்களுள் நாமும் அடங்குவோம்.

2009 இல் இந்நாட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் லாகூர்னேவில் வாழ்ந்தோம். நிர்வாக எல்லைப்படி அது பாரிஸுக்கு வெளியே இருப்பினும் மெற்றோ வந்து சேரும் ஊர். 2021 கோடையில் பாரிஸுக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், சார்த் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் குடியேறினோம். பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி அறை கிடைத்தது. வீட்டின் பின்புறத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டோம். அயலவர் தம் தோட்டத்து அவரையையும் பிளம்ஸ் பழங்களையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து தந்தனர். ஆகவே, இக்கட்டுரை சிற்றூரைப் பழிப்பதற்காக எழுதப்படுவதன்று. கேட்டுப் பெற்ற வாழ்வு இது. எனினும் பெருநகர் ஒன்றை நீங்கியவர் எதை இழக்கின்றார் என்பதை வெளிப்படையாகப் பேசுவது, அவ்வழியே புறப்பட நினைக்கும் பிறருக்குப் பயன்படும் என்று கருதுகின்றோம்.

பாரிஸ் என்றதும் உலகம் நினைப்பது ஈபிள் கோபுரத்தை. பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் அதன்மீது ஏறியது ஒரேயொரு முறை. அதுவும் கனடாவிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் சென்றபோது. எம்மைப் போல் நகரை விட்டு வந்தவர்களுடன் பேசும்போது அக்கோபுரத்தை எவரும் நினைவுகூர்வதில்லை. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருகையிலும் திறந்திருக்கும் கடையைப் பற்றிப் பேசுகின்றனர். லாச்சப்பலில் வல்லாரையும் முருங்கைக்காயும் வாங்கிய கையோடு, நாலு வருடமாய்க் காணாத ஊரவரைத் தெருமுனையில் கண்டு தேநீர் அருந்தியதைப் பேசுகின்றனர். கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருக்கும் மரண அறிவித்தல்களைப் பேசுகின்றனர். அவற்றில் ஒரு முகத்தை அடையாளங் கண்டு, அன்று மாலையே செத்தவீட்டுக்குப் போய் நிற்கக்கூடியதாக இருந்தது. இப்போது அதே செய்தி தொலைபேசியில் வந்துவிடுகின்றது. போய் நிற்கத்தான் முடிவதில்லை.

இவற்றையெல்லாம் ஊர்ப் பாசம் என்று ஒதுக்கிவிடலாம். கடையையும் உணவையும் எப்படியோ ஈடுசெய்து விடுகின்றோம். மாதமொருமுறை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து குளிர்ப்பெட்டியில் அடைத்து வைக்கின்றோம். ஆயின் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று உண்டென்பதை எமக்கு உணர்த்தியவர் எமது அன்னையார்.

அன்னையாருக்கு இப்போது வயது எழுபத்தாறு. பிரெஞ்சு மொழியில் அவருக்குத் தெரிந்தவை ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’, ‘பார்தோன்’ என்னும் மூன்று சொற்களே. நிலையங்களின் பெயர்ப்பலகைகளை அவரால் வாசிக்க இயலாது. எனினும் லாகூர்னேவில் வாழ்ந்த காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எவர் துணையுமின்றி அவர் லாச்சப்பலுக்குச் சென்று வந்தார். ஏழாம் இலக்க மெற்றோவில் ஏறி விரல்விட்டு ஏழு நிலையங்களை எண்ணுவார். ஏழாவது ஸ்ராலின்கிராட். அங்கே இறங்கி இரண்டாம் இலக்கத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே லாச்சப்பல். பின்னர் 1985 இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு நடந்துபோய் வழிபாடு முடித்து, கீரைக்கட்டு ஒன்றுடனும் ஊர்ப் புதினங்களுடனும் வீடு திரும்புவார். கையில் ஒரு நவிகோ அட்டை, ஒரு குடை; அவ்வளவே அவருக்கு வேண்டியிருந்தது.

இங்கு எமது சிற்றூருக்கு பஸ் நாளொன்றுக்கு இருமுறை வரும். ஞாயிறன்று அதுவும் இல்லை. வைத்தியரிடம் போவதற்கும், கடைக்குப் போவதற்கும், புகையிரத நிலையத்துக்குப் போவதற்கும் கார் வேண்டும். எமது இல்லத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் ஒருவரே. அவரும் லு மான் நகரக் களஞ்சியசாலை ஒன்றில் மூன்று வேளை மாறி மாறி வேலை செய்பவர். முதல் குளிர்காலம் முழுவதும் அன்னையார் யன்னலோரத்திலிருந்து, கார் வருகின்றதா என்று பார்த்தபடி இருந்தார். எம்மை அவர் ஒருபோதும் குறை கூறியதில்லை. ஒருநாள் மாத்திரம் கேட்டார்:

“தம்பி, அங்கை எட்டு எண்ணினா நான் கோயிலடிக்குப் போயிடுவன். இஞ்சை எத்தினை எண்ணவேணும்?”

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் நகரம் பற்றி மாணவர்க்கு எத்தனையோ சொல்லியிருக்கின்றோம். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

மெற்றோவைப் பயண வசதி என்றே நாம் எண்ணியிருந்தோம். மொழி அறியாதவரும், கார் இல்லாதவரும், முதியோரும், விசாவுக்காகக் காத்திருப்போரும் ஒருவரையும் கேளாமல் தம் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போய்வர அது இடமளித்தது. அதை இழந்தபோது எமது அன்னையார் இழந்தது தமது சுதந்திரத்தை. நாமோ அவருக்குத் தனியறை கொடுத்தோம் என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தோம்.

இது எம்மவர்க்கு மாத்திரம் உரிய துன்பமன்று. 2018 நவம்பர் 17 ஆம் திகதி இந்நாட்டின் தெருச் சந்திகள் எங்கும் மஞ்சள் அங்கி அணிந்தோர் திரண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் வரி உயர்வே அக்கிளர்ச்சியின் உடனடிக் காரணம். பெருநகரவாசிக்கு எரிபொருள் விலை ஒரு செய்தி. வேலைக்கும் பாடசாலைக்கும் மருந்துக்கடைக்கும் காரில் மட்டுமே போகக்கூடியவருக்கு அது மாதச் சம்பளத்தின் ஒரு பகுதி. ஒவ்வொரு வாகனத்திலும் அத்தகைய அங்கி ஒன்று இருக்கவேண்டுமென்று 2008 இல் சட்டம் வந்தது. அந்த அங்கியே பத்து ஆண்டுகளின் பின் அவர்களின் அடையாளமாயிற்று. அக்காலத்தில் லாகூர்னேவிலிருந்து அதனைத் தொலைக்காட்சியில் பார்த்த நாம், அவர்களின் கோபத்தை முழுமையாக விளங்கிக் கொள்ளவில்லை. இன்று விளங்குகின்றது. எமது காரிலும் ஓர் அங்கி கிடக்கின்றது.

இரண்டாவது இழப்பு ஒன்றும் உண்டு. அதனைச் சொல்வது சற்றுக் கடினம், ஏனெனில் அது அயலவரின் அன்போடு பிணைந்தது. பாண் கடைக்காரர், தபாற்காரர், பள்ளி வாயிலில் நிற்கும் தாய்மார் யாவரும் எம்மை அறிவர். நலம் விசாரிப்பர். எங்கிருந்து வந்தோம், ஏன் வந்தோம், அங்கு இப்போது போர் முடிந்துவிட்டதா என்றும் வினவுவர். அவ்வினாக்களில் வஞ்சகம் கிடையாது. எனினும் பாண் வாங்கப் போகும் ஒவ்வொரு காலையிலும் ஒரு நாட்டின் துயரக் கதையைச் சுமந்து செல்லவேண்டி உள்ளது. லாகூர்னேவில் எவரும் எதையும் கேட்டதில்லை. அங்கு எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்.

லாச்சப்பல் மெற்றோ நிலையம் திறக்கப்பட்ட அதே 1903 ஆம் ஆண்டில், ஜேர்மனிய சமூகவியலாளர் ஜோர்ஜ் சிம்மல் பெருநகரும் மனித மனமும் குறித்துப் புகழ்பெற்ற ஒரு கட்டுரையை வெளியிட்டார். நகரத்தவர் ஒருவரோடொருவர் ஒட்டாமல் ஒதுங்கி நடப்பதை நாம் குறையாகக் காண்கின்றோம். சிறிய ஊரின் கண்காணிப்பிலிருந்து மனிதன் பெறும் விடுதலையின் மறுபக்கமே அது என்று அவர் விளக்கினார். நகரக் கூட்டத்தின் நடுவே உண்டாகும் தனிமையையும் அவர் மறைக்கவில்லை. எமது இலக்கியத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் ஒன்றுகலந்து இனிதே வாழ்ந்த வேற்று நாட்டவரைக் குறிக்க, பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆண்ட சொல் ‘புலம்பெயர்’ என்பது. இன்று நாம் எமக்குப் பெயராகச் சூடிக்கொண்டிருக்கும் அச்சொல், அன்றே ஒரு பெருநகரோடு சேர்ந்து நின்றமை எண்ணத்தக்கது.

எமது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கு குறிப்பிடலாம். 2009 இல் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வேலை செய்ய அனுமதியும் இல்லாமல் இருந்த மாதங்களில் பொம்பிடு மையத்திலுள்ள பொது நூலகத்துக்கு நாள்தோறும் சென்றோம். 1977 இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் அங்கத்துவ அட்டையோ அடையாளப் பத்திரமோ கேட்கப்படுவதில்லை. இரவு பத்து மணிவரை இருக்கலாம். (திருத்த வேலைகளுக்காக அக்கட்டடம் 2025 இல் மூடப்பட்டமையால் நூலகம் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.) 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கரிபடிந்த சுவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எம்முடையது. ‘நீ யார்’ என்று கேளாமல் நாற்காலி தந்த ஒரு வாசிகசாலையில் அமர்ந்தபோது, அந்நகர் எம்மை ஏற்றுக்கொண்டதாகவே உணர்ந்தோம்.

பெருநகரின் தீமைகளை நாம் மறக்கவில்லை. ஈரம் ஊறிய சுவர்கள், பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கி, பிள்ளைகளின் நட்புப் பற்றிய ஓயாத பயம் எல்லாம் உண்மையே. அங்கு திரும்பிச் செல்லும் எண்ணமும் எமக்கு இல்லை. ஆனால் குடிபெயருமுன் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. வீட்டில் எத்தனை அறைகள் என்று கேட்டோம். நிலம் எத்தனை சதுர மீற்றர் என்று கேட்டோம். வங்கி வட்டி எவ்வளவு என்று கேட்டோம். கார் ஓட்டத் தெரியாதவர் இவ்வீட்டு வாசலிலிருந்து தனியாக எங்கே போகலாம் என்று மாத்திரம் கேட்கவில்லை. வீடு பார்க்கப் போகும் அன்பர்கள், வீட்டிலுள்ள முதியவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவரையே புகையிரத நிலையம் வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் அன்னையாரை லாச்சப்பலுக்கு அழைத்துச் சென்றோம். லு மான் வரை காரில் போய், அங்கிருந்து அதிவேகப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மொன்பர்னாஸ் நிலையத்தை அடைந்தோம். நான்காம் இலக்க மெற்றோவில் அமர்ந்ததும் அவர் விரல்களை மடக்கத் தொடங்கினார். கார் து நோர் நிலையத்தில் இறங்கியபோது, “பதினாலு” என்றார். சற்றுத் தூரம் நடந்தபின் மேலும் சொன்னார்:

“பதினாலும் எண்ணுவன் தம்பி, அது பெரிய காரியமில்லை. றெயினடிக்கு ஆரும் கொண்டுவந்து விடத்தானே வேணும்.”

லு மான் புகையிரத நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கின்றோம். ஓர் அறை குறையும். கத்தரித் தோட்டமும் இராது. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம்.