ஸ்கவுட் ரைஃபிளில் தொலைநோக்கி ஏன் முன்னால் தள்ளியிருக்கிறது?

அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் 1980-களில் வகுத்த ஸ்கவுட் ரைஃபிளின் இலக்கணம்: நீளம் 1 மீட்டருக்குள், எடை சுமார் 3 கிலோ. ராணுவம் கழித்த பழைய மவுசர் ரைஃபிள்களைப் பலர் இப்படி மாற்றியமைத்தார்கள். குழலைக் குறுக்குவது புரிகிறது. தொலைநோக்கியை ஏன் குழலின் மேல் முன்தள்ளி வைக்க வேண்டும்? மவுசரில் 5 தோட்டாக்கள் செருகிய கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்புவார்கள். தோட்டா நிரப்பும் அந்த வாயைத் தொலைநோக்கி மறைக்கக் கூடாது. ஆனால் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினால் தெரு சுருங்குவதுபோல, கண்ணிலிருந்து கண்ணாடி விலக விலகக் காட்சி குறுகும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் இன்னும் குறுகும். அதனால்தான் 2 அல்லது 3 மடங்கோடு நிறுத்தினார்கள். இந்த அடக்கம்தான் வடிவமைப்பின் மிக அழகான பகுதி: பெருக்கம் குறைவு என்பதால் இரு கண்களையும் திறந்தே குறிபார்க்கலாம், சுற்றுப்புறமும் கண்ணில் படும்.