கார்த்திகைக் காற்றும் கூரை வேலைக்காரரும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அனுபவித்தவர்கள் அதனை ஆயுளில் மறக்கமாட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் மாண்டன. இலட்சக்கணக்கான மக்கள் இருக்க இடமிழந்தனர். மறுநாட் காலை வெளியே வந்து பார்த்தவர்களுக்கு முதலிற் கண்ணிற் பட்டவை சரிந்து கிடந்த தென்னந்தோப்புகள். அடுத்துப் பட்டவை தலையிழந்த வீடுகள். எத்தனையோ வீடுகளில் சுவர்கள் நின்றன, கதவுகள் நின்றன, சுவரில் மாட்டிய சுவாமி படங்கள்கூட நனைந்தபடி தொங்கின. கூரை மாத்திரம் இல்லை.

அன்று தொடங்கி ஊர் முழுவதும் ஒரே தேட்டம்: கூரை வேலை தெரிந்தவர் யார்? வேலைக்காரரைத் தெரிந்தெடுப்பதற்கு அதனைவிடக் கெட்ட வேளை வேறில்லை. குழந்தைகள் நனைகின்றன, நெல்மூடைகள் நனைகின்றன, ஏணியும் சுத்தியலும் வைத்திருப்பவன் எவனாயினும் அவன் தெய்வமாகத் தோன்றுகின்றான்.

கல்லடிப் பக்கத்திலிருந்த என் சின்னம்மாவின் வீட்டிலும் அவ்வாறுதான் நேர்ந்தது. ஓடுகள் யாவும் போய்விட்டன. இரண்டு வாரத்துள் ஒரு கொந்தராத்துக்காரர் லொறியுடன் வந்து சேர்ந்தார். எந்த ஊர் என்று கேட்டதற்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊரைச் சொன்னார். மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை முற்பணமாகக் கேட்டு வாங்கினார். சொன்ன தவணையில் வேலையை முடித்தும் விட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புதுத் தகரம் வெயிலிற் பளபளத்தது. தெருவாற் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த ஆண்டு மார்கழியில் ஒரு வாடைக்காற்று அடித்தது. சூறாவளி அன்று, சாதாரண மழைக்காற்று. விறாந்தைக் கூரை முழுவதும் கிளம்பி அயல் வளவுக் கிணற்றடியில் விழுந்தது. அந்நேரம் கிணற்றடியில் எவரும் நிற்காதது தெய்வாதீனம்.

பிறகு அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த முதிய ஓடாவியார் ஒருவரை அழைத்தார்கள். (யாழ்ப்பாணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்பில் தச்சரை ஓடாவி என்பர்.) அவர் ஏணி வைத்து ஏறிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிவந்து, கையிலிருந்த நான்கைந்து ஆணிகளைத் திண்ணையிற் பரப்பினார். எல்லாம் வெறும் இரும்பாணி. ஓராண்டு உப்புக்காற்றிலே கறள் பிடித்துப் பாதி தேய்ந்திருந்தன. தகரத்தின் ஓரங்களில் நாலு மடிப்புக்கு ஒன்றாக ஆணி அடிக்கப்பட்டிருந்தது. கைமரங்களைத் தாங்கும் வளை சுவரின்மேல் சும்மா வைக்கப்பட்டிருந்ததேயன்றிச் சுவரோடு எவ்விதத்தாலும் பிணைக்கப்படவில்லை.

"மகள், கூரை கீழ விழுந்திரும் எண்டுதான் எல்லாரும் பயப்படுறாங்க. அது மேல போகப் பாக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் ஓடாவியார்.

பெரிய நூல்களிற் சொல்லப்படுவதும் இதுவே. காற்று கூரையை மோதி, முகட்டைத் தாண்டி விரைந்தோடும்போது கூரையின் மேற்புறத்தில் அமுக்கம் குறைகின்றது. உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கமோ குறைவதில்லை. ஆகவே கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகின்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பது மாணவர்கள் நினைவிற் கொள்ளத் தக்கது. இந்த இழுப்பு எங்கும் ஒரே அளவினதன்று. மூலைகளிலும், இறப்பு ஓரங்களிலும், முகட்டை அண்டிய இடங்களிலும் மிகக் கடுமையாக இருக்கும். இதனிடையே ஒரு யன்னற் கதவு உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலும் ஒன்று சேர்ந்துவிடும். புயலின் கண் கடந்து செல்லும் ஊர்களிலோ இன்னொரு வஞ்சகமும் உண்டு. சிறிது நேரம் ஓய்ந்த காற்று, எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். ஒரு பக்கத்தாற் தளர்ந்த கூரையை மறுபக்கத்தாற் பிடுங்குவதற்கு அதுவே போதும்.

ஆகவே கூரை என்பது வீட்டின்மேல் வைக்கப்படுவதன்று, வீட்டோடு கட்டப்படுவது. தகடு சலாகையோடும், சலாகை கைமரத்தோடும், கைமரம் வளையோடும், வளை சுவரோடும் ஒரு சங்கிலி போலப் பிணைந்திருத்தல் வேண்டும். எந்தக் கண்ணி இளகியதோ அந்தக் கண்ணியிலேயே காற்று கைவைக்கும். இக்கண்ணிகளோ வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவேதான் கூரை வேலைக்காரரைத் தெரிந்தெடுத்தல், மேசை செய்யத் தச்சரைத் தெரிந்தெடுப்பது போன்றதன்று. மேசையை ஆட்டிப் பார்க்கலாம். கூரையை ஆட்டிப் பார்ப்பது காற்று ஒன்றுதான்.

வேலைக்கு வருபவரிடம் "எவ்வளவு கேட்கிறீர்?" என்று தொடங்குவது நம் வழக்கம். அதற்கு முன் "வளையைச் சுவரோடு எப்படிக் கட்டுவீர்?" என்று கேட்டுப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் உடனே விடை சொல்வார். புதுச் சுவராயின், தலைப்பிற் கொங்கிறீற்று வளையமிட்டு அதற்குள் புரியாணிகளையோ கம்பிகளையோ முன்னரே பதித்து, அவற்றால் வளையை இறுக்குவேன் என்பார். பழஞ் சுவராயின், இரும்புப் பட்டியை வளையின் மேலாகப் போட்டுச் சுவரின் இரு பக்கங்களிலும் ஆழ இறக்கிப் பொருத்துவேன் என்பார். "பாரமான மரந்தானே, தானாக இருக்கும்" என்று சொல்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

தகரம் போடுவதானால், நாகம் பூசிய, குடைபோலத் தலை விரிந்த ஆணியே கடற்கரை ஊர்களுக்கு ஏற்றது. அதனை மடிப்பின் மேட்டில் அடிக்கவேண்டும்; பள்ளத்தில் அடித்தால் மழைநீர் அவ்வழியே இறங்கும். நடுப்பகுதியில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு அடித்தாலும், ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் அடிப்பதே பாதுகாப்பு. தகரத்தின் தடிப்பைக் குறிக்கும் கேஜ் இலக்கத்தில் ஏமாறுபவர் பலர். இலக்கம் பெரிதானால் தகடு மெல்லியது. "26 வேண்டாம் அம்மா, 28 போடுவோம், அது கூடிய இலக்கம்" என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது மிக நன்றாகத் தெரியும்.

ஓட்டு வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் கள்ளிக்கோட்டை ஓடு என்று வழங்கும் தட்டோடு, மங்களூரிலே பாசல் மிசன் பாதிரிமார் 1865இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வகையைச் சேர்ந்தது. அதனைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்துக் குமிழிலே சிறியதொரு துளை இருப்பதைக் காணலாம். பலர் அதனை அச்சின் வழு என்று நினைக்கின்றனர். கம்பி கோத்து ஓட்டைச் சலாகையோடு கட்டுவதற்காகவே அத்துளை இடப்பட்டது! எல்லா ஓடுகளையும் கட்ட இயலாவிடினும், இறப்பை அடுத்த வரிசைகளையும், கூரையின் பக்க ஓரங்களையும், மூலைகளையும் கட்டாமல் விடலாகாது. கறள் பிடிக்காத செப்புக் கம்பி இதற்கு உகந்தது. முகட்டோடுகளைச் சாந்திட்டு நன்றாகப் பதிக்கவேண்டும்.

கூரையின் அமைப்பைப் பற்றி இரண்டொரு சொல். நாற்புறமும் சரிந்த கூரை, இருபுறம் சரிந்ததைவிடக் காற்றுக்கு நன்கு தாங்கும். மிகத் தட்டையான கூரை ஆபத்தானது. ஏறத்தாழ 30 பாகைச் சரிவு நல்லது. நிழலுக்காக இறப்பை மூன்று நான்கு அடி நீட்டுவது காற்றுக்குக் கைபிடி கொடுப்பதாகும். விறாந்தைக் கூரையைத் தனியாக அமைத்துவிட்டால், அது போனாலும் பெருங்கூரையை இழுத்துச் செல்லாது.

உள்ளூர்க்காரர் வேண்டும் என்பதற்குக் காரணம், உள்ளூரிற் பிறந்தவர் எல்லாரும் உத்தமர் என்பதன்று. அவரைக் கண்டுபிடிக்க முடியும் என்பதே காரணம். அவர் வேய்ந்த கூரைகள் நம் கண்முன்னே நிற்கின்றன. பத்து மழைக்காலம் கண்ட வீடு ஒன்றுக்குப் போய், வீட்டுக்காரரின் அனுமதியோடு உள்ளேயிருந்து அண்ணாந்து பாருங்கள். ஒழுகியபோது கூப்பிட்டால் வந்தாரா என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் கூலியைத்தான் சொல்வார்கள். உப்புக்காற்று எந்தத் தெருவரையும் வருகின்றது, வெள்ளம் எந்த மூலையில் நிற்கின்றது, எந்த மரம் முறிந்தால் எந்தக் கூரையில் விழும் என்பனவெல்லாம் அவ்வூரிலே சீவிக்கின்றவருக்குத் தெரியும்.

உறவினரை அமர்த்துவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மைத்துனர் முறையானவரிடம் ஆணிக் கணக்குக் கேட்பது எங்ஙனம்? கேட்டால் கலியாண வீட்டிலே முகம் திருப்புவார். கேளாவிட்டால் கூரை திரும்பும். உறவாயினும் அயலாயினும் எழுதிக்கொள்வதே நன்று. எத்தனை தகடு, என்ன தடிப்பு, எந்த மரம், என்ன அளவு, ஆணி எவ்வளவு, பழைய ஓடும் மரமும் யாரைச் சேரும், எப்போது தொடங்கி எப்போது முடிப்பது என்பனவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் வேண்டும். சாமான்களை இயன்றவரை நாமே கடைக்குச் சென்று வாங்கலாம். பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுத்து, ஒரு பங்கை முதல் மழை பெய்து முடியும்வரை நிறுத்திவைப்பதற்கு நேர்மையான வேலைக்காரர் எவரும் மறுப்புச் சொல்லார். மரம் ஏறினவுடன், தகடு மூடுமுன் ஒரு நாள் வேலையை நிறுத்திப் பார்வையிட வேண்டும் என்றும் தாளில் எழுதுங்கள். மூடியபின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

காலமும் கவனிக்கத் தக்கது. கிழக்குக் கரையிலே மழை ஐப்பசியிற் பிடித்துத் தைவரை நிற்கும். புயல்களும் பெரும்பாலும் அக்காலத்தையே தெரிந்துகொள்கின்றன. மன்னாரை அலைத்து, அக்கரையிலே தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயலும், திருகோணமலைப் பக்கத்தைத் தாக்கிய 2000ஆம் ஆண்டுப் புயலும் டிசெம்பரில் வந்தன. 2020இல் புரெவி கரைகடந்ததும் டிசெம்பரிலேயே. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களில் வேலையைத் தொடங்கினால் மரமும் காயும், வேலைக்காரருக்கும் ஓய்விருக்கும், விலையும் நியாயமாயிருக்கும். வானொலியில் எச்சரிக்கை கேட்டபின் ஏணி தேடுபவருக்கு இம்மூன்றும் இல்லை.

குற்றம் யாவும் வேலைக்காரர் மேலதன்று. ஓடாவியார் என்னிடம் மனம் விட்டுச் சொன்ன குறை ஒன்றுண்டு. பெருங்கதவுக்குச் சித்திர வேலை செய்யக் கேட்ட காசைக் கொடுப்பவர்கள், இரும்புப் பட்டிக்கும் புரியாணிக்கும் பேரம் பேசுவார்களாம். "இவ்வளவு ஆணியா?" என்று கேட்டுப் பாதியைத் திருப்பிக் கடைக்குக் கொடுத்து வந்த வீட்டுக்காரரும் உண்டாம். விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கினால், எவரும் தகட்டிற் குறைக்கமாட்டார். அது வெளியே தெரியும். ஆணியிலேதான் குறைப்பார். மழையிலே வழுக்கும் கூரைமேல் ஏறுமாறு வற்புறுத்துவதும் பாவமே. பழைய அஸ்பெஸ்ரஸ் தகட்டின்மேல் நேரே கால்வைத்து உடைத்துக்கொண்டு விழுந்தவர்கள் பலர். பலகை போட்டு அதன்மேல் நடக்கவேண்டும். அத்தகட்டை வெட்டும்போதும் கழற்றும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நீர் தெளித்து நனைத்தபின் மூக்கையும் வாயையும் காக்கும் கவசமணிந்தே வேலை செய்யவேண்டும். குழந்தைகளை அண்ட விடலாகாது.

சின்னம்மாவின் கூரையை ஓடாவியார் மீண்டும் போட்டு முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடையிலே சின்னம்மா சலித்துக்கொண்டதும், அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வராமலிருந்ததும் உண்டு. வளையைக் கட்டாமல் ஒரு தகடும் ஏற்றமாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்பொழுது அவருடைய மகன் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏணியுடன் வந்து, ஓரத்து ஆணிகளைத் தட்டிப் பார்த்து, இளகியவற்றை மாற்றிவிட்டு, தேநீர் குடித்துப் போகிறார். சின்னம்மாவின் அலுமாரியிலே, வீட்டு உறுதியோடு சேர்த்து, ஓடாவியார் பென்சிலால் எழுதிக் கொடுத்த கணக்குத் தாள் இன்னும் இருக்கின்றது. அதில் முதல் வரி "நாகம் பூசின ஆணி, இறாத்தல் 14" என்பது.